அவசரம் என்றால் மலையாளத்தில் வாய்ப்பு: காமெடி எழுதி, நடித்து, சொந்தமாக எடுக்க நினைப்பவள் கேட்கிறேன்

வேலந்தாவளத்துக்காரி | ஞாயிறு, இரவு 9:40

எல்லோருக்கும் வணக்கம். வயது 29. தமிழ்நாடு எல்லையை ஒட்டிய பாலக்காட்டுப் பக்கம், வேலந்தாவளம் செக்போஸ்டிலிருந்து நடக்கிற தூரத்தில் வீடு. பகலில் தேங்காய் மண்டியில் கணக்கு எழுதுகிறேன். பள்ளிக்கூடம் தமிழ் மீடியம், அப்புறம் சித்தூரில் தமிழ் படித்தேன். வீட்டில் தமிழ், ரேஷன் கடையில் மலையாளம், மண்டியில் இரண்டும் கலந்தது.

பொள்ளாச்சிப் பக்கம் ஷூட்டிங் வந்தால் ஆள் கேட்டு அனுப்புவார்கள். இதுவரை நான்கு படத்தில் தலை காட்டியிருக்கிறேன். எனக்குக் கொஞ்சம் பெரிய உடம்பு. அதனால் நான்கிலும் ஏறக்குறைய ஒரே வேலைதான்: நான் உட்கார வேண்டும், நாற்காலி உடைய வேண்டும், ஹீரோவும் கூட்டாளிகளும் சிரிக்க வேண்டும்.

கடைசிப் படத்தில் நாற்காலி உடைந்ததும் வாய் சும்மா இருக்காமல், கடைக்காரராக நடித்தவரைப் பார்த்து, "ஏனுங்க, இந்த நாற்காலி எடைக் கணக்குங்களா, எண்ணிக்கைக் கணக்குங்களா?" என்று கேட்டுவிட்டேன். மண்டியில் தினமும் கேட்கிற கேள்வி அது. யூனிட் மொத்தமும் சிரித்தது. டைரக்டர் வந்து தோளில் தட்டிக் கொடுத்தார். படம் வந்தபோது பார்த்தால் வசனம் இருக்கிறது, ஆனால் அதைப் பேசுவது ஹீரோவின் நண்பர். என் பங்குக்கு நாற்காலி மட்டும்தான்.

அந்தக் கோபத்தில் பக்கத்து வீட்டுப் பெண்ணோடு சேர்ந்து யூடியூபில் "செக்போஸ்ட் செல்லம்மா" என்று ஆரம்பித்தேன். தமிழ்நாட்டு அதிகாரியிடம் மலையாளமும் கேரள அதிகாரியிடம் தமிழும் பேசித் தப்பிக்கிற ஒரு பொம்பளை. 41 வீடியோ, 6,300 சந்தாதாரர்கள். இப்போது கோவையில் ஒரு கம்பெனி அந்தப் பாத்திரத்தை 60,000 ரூபாய்க்குக் கேட்கிறது. நான்தான் நடிப்பேனாம், எழுத வேறு ஆள் இருக்கிறாராம். காகிதத்தில் "எல்லா உரிமைகளும் நிரந்தரமாக" என்று ஒரு வரி. கையெழுத்துப் போடலாமா? இல்லை, சென்னைக்கோ கொச்சிக்கோ போய் ஒழுங்காக நடிக்க வாய்ப்புத் தேடுவதா? கடன் வாங்கிச் சொந்தமாகவே எடுப்பதா?

---

ஒன்மோர் | ஞாயிறு, இரவு 10:15

அக்கா, கொச்சியில் உதவி இயக்குநராக இருக்கிறேன், சொந்த ஊர் கொழிஞ்சாம்பாறை. முகத்துக்கு நேராகச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். வேலந்தாவளத்தில் உட்கார்ந்துகொண்டு நடிகையாக முடியாது. ஆடிஷன் இங்கேதான் நடக்கிறது. 41 வீடியோவையும் யாரும் பார்க்க மாட்டார்கள். இரண்டு நிமிடத்துக்கு வெட்டி வையுங்கள், அதில் முதல் இருபது நொடிக்குள் சிரிப்பு வர வேண்டும். சிரிக்காத காட்சி ஒன்றும் இருக்கட்டும். காமெடிக்கு ஆள் எடுப்பவர்கள் அழத் தெரியுமா என்றுதான் முதலில் பார்ப்பார்கள்.

இன்னொன்று. கேரளத்தில் மிமிக்ரி மேடையிலிருந்து சினிமாவுக்கு வந்தவர்கள் ஏராளம். 1969இல் தொடங்கிய கொச்சின் கலாபவனிலிருந்து மட்டும் ஒரு தலைமுறையே வந்தது. ஆனால் அந்த வரிசையில் பெண்களை எண்ண ஒரு கை போதும். அண்மைக் காலத்தில் டிவி நகைச்சுவை வழியாகப் பெயர் எடுத்த சுபி சுரேஷும் 2023இல் போய்விட்டார். இடம் காலியாக இருக்கிறது என்றும் சொல்லலாம், இடமே கொடுப்பதில்லை என்றும் சொல்லலாம்.

---

ஒழுகினசேரிக்காரன் | ஞாயிறு, இரவு 11:02

மக்களே, நாகர்கோவிலிலிருந்து எழுதுகிறேன். கலைவாணர் பிறந்த ஊர்க்காரன் என்ற உரிமையில் கொஞ்சம் நீளமாகப் பேசுவேன், பொறுத்துக்கொள்ளணும்.

எல்லோரும் என்.எஸ். கிருஷ்ணனைச் சொல்வார்கள். நான் டி.ஏ. மதுரத்தைச் சொல்கிறேன். இருவரும் சேர்ந்தது 1936இல், வசந்தசேனா பட சமயத்தில். அந்தக் காலத்தில் அவர்கள் குழுவின் வழக்கம் என்ன தெரியுமா? காமெடிப் பகுதியைத் தாங்களே யோசித்து, தங்கள் ஆட்களோடு நடித்து, படத்தில் சேர்த்துக் கொடுப்பது. இன்று டிராக் என்கிறோமே, அதுதான். படம் ஓடுகிற கொட்டகையில் அந்தப் பகுதிக்காக மட்டும் உள்ளே நுழைந்த கூட்டம் உண்டு. தயாரிப்பாளர் யாராக இருந்தாலும் சிரிப்பு இவர்கள் கையில் இருந்தது.

1944இல் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் கலைவாணர் உள்ளே போனார். 1947இல்தான் வெளியே வந்தார். வழக்கு அன்றைய கடைசி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் வரை போயிற்று. அவ்வளவு செலவையும் அலைச்சலையும் தாங்கிக்கொண்டு நின்றது மதுரம். நாடக சபை நின்றுபோகாமல் நடந்தது. அந்த சபையின் பெயரிலேயே பைத்தியக்காரன் என்ற படமும் 1947இல் வந்தது, மதுரத்துக்கு அதில் இரட்டை வேடம். நடிகை, சபைக்குத் தூண், வழக்குக்குப் பணம் தேடியவர், எல்லாம் ஒரே ஆள். நாம் என்னடாவென்றால் "கலைவாணரின் ஜோடி" என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறோம்.

எதற்குச் சொல்கிறேன் என்றால், நீ கேட்ட மூன்று வேலையும் ஒன்றுக்கொன்று எதிரி இல்லை. பேச்சு உன் கையில் இருந்தால்தான் நாற்காலி உன் கையில் இருக்கும்.

---

கணக்கர் | திங்கள், காலை 7:20

கையெழுத்துப் போடாதீர்கள். குறைந்தபட்சம் இதைப் படித்துவிட்டுப் போடுங்கள். நான் பாலக்காட்டில் ஆடிட்டர் அலுவலகத்தில் இருக்கிறேன். சினிமாக்காரர்கள் நான்கைந்து பேர் கணக்கு எங்களிடம் இருப்பதால் இந்தக் காகிதங்களைப் பார்த்துப் பழக்கம்.

பதிப்புரிமைச் சட்டத்தில் ஒரு நல்ல விஷயம் இருக்கிறது. உரிமை மாற்றும் ஒப்பந்தத்தில் காலம் குறிப்பிடவில்லை என்றால் ஐந்து ஆண்டு என்றுதான் பொருள். எல்லை குறிப்பிடவில்லை என்றால் இந்தியா மட்டும். அதனால்தான் "நிரந்தரமாக", "உலகம் முழுவதும்" என்ற சொற்களை விவரம் தெரிந்தவர்கள் முன்கூட்டியே எழுதிவிடுகிறார்கள். அந்த வரி சும்மா வந்ததில்லை.

2012 திருத்தத்துக்குப் பிறகு, படத்தில் சேர்ந்த எழுத்துக்கு உரிய எழுத்தாளர், தியேட்டரில் படத்தோடு காட்டுவது தவிர மற்ற வழிகளில் வரும் ராயல்டியில் தன் சமபங்கை விட்டுக்கொடுக்கவே முடியாது. எழுதிக் கொடுத்தாலும் செல்லாது. நடைமுறையில் அது கைக்கு வந்து சேருகிறதா என்பது வேறு கதை. இன்னொன்று, உரிமையை விற்ற பிறகும் "இதை எழுதியது நான்" என்று சொல்லிக்கொள்ளும் உரிமை உங்களிடமே நிற்கும்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. "செக்போஸ்டில் மொழி மாற்றிப் பேசுகிற பெண்" என்பது வெறும் யோசனை. யோசனைக்குப் பதிப்புரிமை கிடையாது, 1978இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எழுதி வைத்த வசனம், காட்சி, அதற்குத்தான் பாதுகாப்பு. 41 வீடியோவுக்கும் வசனத்தைத் தாளில் எழுதி, தேதி போட்டு வைத்திருக்கிறீர்களா?

---

வேலந்தாவளத்துக்காரி | திங்கள், மதியம் 1:30

இல்லை சார். பாதி மண்டிச் சிட்டையின் பின்பக்கத்தில் இருக்கிறது. மீதி வாயில்தான்.

---

கணக்கர் | திங்கள், மதியம் 1:41

இன்று ராத்திரியே உட்கார்ந்து எழுதுங்கள். வீடியோவைப் பார்த்தே எழுதலாம். இலக்கியப் படைப்பாகப் பதிவு செய்ய அரசுக் கட்டணம் 500 ரூபாய். பதிவு கட்டாயம் இல்லை, தகராறு வந்தால் கையில் ஒரு சான்று இருக்கும். அப்புறம் அந்த 60,000இல் 10 சதவீதம் வரியாகப் பிடிப்பார்கள். ரிட்டர்ன் போட்டால் உங்கள் வருமானத்துக்கு அது திரும்பி வரும். பலர் போடுவதே இல்லை.

---

கல்பாத்தி மாமி | திங்கள், மாலை 6:05

குழந்தே, உன் வீடியோ நாலஞ்சு பார்த்தேன். அந்த "அவசரம்" எபிசோடுக்குச் சிரித்ததில் அடுப்பில் வைத்த பால் பொங்கிப் போச்சு.

பார்க்காதவர்களுக்காக: கொச்சியிலிருந்து ஒருத்தர் போன் பண்ணி, "ஒரு அவசரம் தராம்" என்கிறார். மலையாளத்தில் அவசரம் என்றால் வாய்ப்பு. செல்லம்மாவோ யாருக்கோ உடம்பு சரியில்லை என்று நினைத்து, கையில் இருந்த மாவுக் கரண்டியோடு பஸ் ஏறிவிடுகிறாள்.

இந்த மாதிரிப் பேச்சு எங்கள் அக்ரகாரத்திலும் உண்டு. 1990இல் மைக்கேல் மதன காமராஜன் வந்தபோது கமலும் ஊர்வசியும் பாலக்காட்டுத் தமிழ் பேசினார்கள். அதுவரைக்கும் மெட்ராஸ் உறவுக்காரர்கள் எங்கள் பேச்சைக் கேட்டு, "நீங்கள் பேசுவது தமிழா மலையாளமா?" என்று கேலி பண்ணுவார்கள். படம் வந்த பிறகு அவர்களே கல்யாண வீட்டில் அதைப் பேசிக் காட்டச் சொன்னார்கள். எனக்குச் சந்தோஷமா, எரிச்சலா என்று இன்றுவரை தெரியவில்லை.

ஊர்வசியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தமிழில் 1983இல் முந்தானை முடிச்சு நாயகி. மலையாளத்தில் 1989, 90, 91 மூன்று வருஷமும் வரிசையாக மாநில விருது. அதோடு நிற்கவில்லை. 1994இல் பிடக்கோழி கூவுந்ந நூற்றாண்டு என்ற படத்துக்குக் கதையும் அவர், தயாரிப்பும் அவர். பெட்டைக்கோழி கூவுகிற நூற்றாண்டு என்று அர்த்தம். பெயரே எப்படி வைத்திருக்கிறாள் பார்.

---

மூணாறு மேட்டுக்காரன் | திங்கள், இரவு 8:50

எல்லோரும் பாராட்டுகிறீர்கள், நான் கொஞ்சம் மாற்றிப் பேசுகிறேன். எஸ்டேட் லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில் வளர்ந்தவன். பள்ளிக்கூடத்தில் தமிழர் என்பதற்காக எங்களை "பாண்டி" என்று இளக்காரமாகக் கூப்பிட்ட காலம் மறக்கவில்லை. மலையாளப் படத்தில் தமிழன் என்றால் லாரி ஓட்டுகிறவன், இல்லை அரிவாளோடு வருகிறவன். தமிழ்ப் படத்தில் மலையாளி என்றால் டீக்கடை. செல்லம்மாவும் அந்தக் குட்டையில்தான் விழுகிறாளோ என்று எனக்கு ஐயம். உச்சரிப்பை வைத்துச் சிரிக்க வைப்பது சுலபம். கோவைக் கம்பெனியில் உட்கார்ந்து எழுதுகிற அந்த "வேறு ஆள்" எல்லையில் ஒரு நாள் நின்றிருக்கிறாரா? அவர் கைக்குப் போனால் இரண்டே மாதத்தில் செல்லம்மா வெறும் உளறுவாய் ஆகிவிடுவாள். சிரிப்பு அவளோடா, அவளைப் பார்த்தா?

---

வேலந்தாவளத்துக்காரி | திங்கள், இரவு 10:30

அண்ணா, நீங்கள் கேட்டது சுருக்கென்று பட்டது. யோசித்துப் பார்த்தேன்.

எங்கள் பக்கம் பொறாட்டு நாடகம் உண்டு, பார்த்திருக்கிறீர்களா? கொய்த்து முடிந்த வயலில் ராத்திரி நடக்கும். குறவன் குறத்தி, மண்ணான் மண்ணாத்தி என்று ஒவ்வொரு வேஷமாக வரும், பாட்டில் தமிழும் மலையாளமும் பின்னிக் கிடக்கும். ஓரத்தில் சோத்தியக்காரன் என்று ஒருவர் நிற்பார். வேஷத்தை நிறுத்தி நிறுத்திக் கேள்வி கேட்பதுதான் அவர் வேலை. எங்கிருந்து வருகிறாய், புருஷன் எங்கே, இது என்ன பேச்சு என்று நோண்டுவார். படிப்பும் அதிகாரமும் அவர் பக்கம். ஆனால் ஒவ்வொரு பதிலிலும் மூக்கு உடைபடுவது அவருக்குத்தான். செல்லம்மாவை நான் எடுத்தது அங்கிருந்து. செக்போஸ்ட் அதிகாரிதான் என் சோத்தியக்காரன். பேச்சு தடுமாறுவது அவருக்கு, அவளுக்கு இல்லை.

பெண் வேஷத்தையும் ஆண்களே கட்டி ஆடுவதைத்தான் சின்ன வயதில் பார்த்தேன். மண்ணாத்தி வாயில் வருகிற பேச்சைக் கேட்டு எங்கள் பாட்டி, "பொம்பளை இப்படிப் பேச மாட்டா, இதைவிட மோசமாப் பேசுவா" என்பாள்.

ஆனால் முதல் ஏழெட்டு வீடியோவில் வெறும் உச்சரிப்புக்குச் சிரிப்பு வாங்கியிருக்கிறேன். ஒத்துக்கொள்கிறேன். அதில் இரண்டை இன்று எடுத்துவிட்டேன்.

---

நகரி நாகலிங்கமரம் | செவ்வாய், காலை 6:55

ஆந்திரா எல்லையிலிருந்து ஒரு குரல். நகரியில் பாதிப் பேர் வீட்டில் தமிழ், தெருவில் தெலுங்கு. உங்கள் "அவசரம்" தெலுங்கில் "தேவை". ஆக, தமிழில் பரபரப்பு, மலையாளத்தில் வாய்ப்பு, தெலுங்கில் தேவை. அந்த எபிசோடுக்கு இரண்டாம் பாகம் எழுதுங்கள், வசனம் இலவசமாகத் தருகிறேன் (கணக்கர் சார், இதற்குக் காகிதம் வேண்டுமா?).

நடிப்பு, எழுத்து, தயாரிப்பு மூன்றும் ஒரே பெண் என்றால் எங்கள் பக்கம் முதலில் வருகிற பெயர் பானுமதி. பரணி பிக்சர்ஸ் அவரும் கணவரும் சேர்ந்து நடத்தியது. 1953இல் சண்டிராணியைத் தமிழ், தெலுங்கு, இந்தி என்று மூன்று மொழியில் அவரே இயக்கினார். ஆனால் என் வீட்டில் அவர் பெயர் நின்றது அத்தகாரி கதலு புத்தகத்தால். மாமியார் கதைகள். ஆசாரமும் பிடிவாதமும் கொண்ட மாமியார், அவரோடு மல்லுக்கட்டாமல் உள்ளுக்குள் சிரித்துக்கொள்கிற மருமகள். நட்சத்திரமாக இருந்துகொண்டு, அடுப்பங்கரையையும் ஊறுகாய் ஜாடியையும் பார்த்து எழுதியிருக்கிறார். பட வாய்ப்பு குறைந்த காலத்திலும் எழுத்து யாரிடமும் கால்ஷீட் கேட்பதில்லை.

---

ஆழியாறு | செவ்வாய், காலை 9:10

மைக் என்ன பயன்படுத்துகிறீர்கள்? செக்போஸ்ட் காட்சியில் லாரிச் சத்தத்தில் பாதி வசனம் கேட்கவில்லை.

---

வேலந்தாவளத்துக்காரி | செவ்வாய், மதியம் 1:15

போன் மைக்தான். துப்பட்டாவைச் சுற்றிக்கொள்கிறோம்.

---

கடன் அடைத்தவள் | செவ்வாய், இரவு 9:25

ஆழியாறு கேட்டது சரியான கேள்வி. அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன். கேமராவுக்கு முன்னால் மைக் வாங்கு அம்மிணி. படம் மங்கலாக இருந்தால் சிரிப்பு வரும், வசனம் கேட்காவிட்டால் வராது.

பொள்ளாச்சியில் இருந்துகொண்டு நானும் சொந்தமாக எடுத்தேன். ஆறு எபிசோடு வெப் சீரிஸ், நகை அடகு வைத்து 2 லட்சத்து 80 ஆயிரம். எங்கே போயிற்று என்றால் சாப்பாட்டுக்கும் வண்டிக்கும். ஒரு நாளைக்கு 22 பேர். டீ மட்டும் மூன்று வேளை. கதையில் ஒரு கல்யாணக் காட்சி வைத்துவிட்டேன், அந்த ஒரு காட்சி இரண்டு எபிசோடின் காசைத் தின்றது. எழுதும்போது தயாரிப்பாளராக யோசிக்கவில்லை, எடுக்கும்போது எழுத்தாளராக விட்டுக்கொடுக்கவில்லை. நகையை மீட்க மூன்று வருஷம் ஆயிற்று.

யூடியூப் காசை நம்பிக் கடன் வாங்காதே. விளம்பர வருமானம் முழுதாக வர 1,000 சந்தாதாரர்களும் ஒரு வருஷத்தில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும். அது உனக்கு இருக்கும். நீள வீடியோ விளம்பரத்தில் 55 சதவீதம் உனக்கு, ஷார்ட்ஸில் 45. ஆனால் நூறு ரூபாயில் 55 என்றால் 55 ரூபாய்தான். உன் செல்லம்மாவின் அருமை என்ன என்றால் ஒரு செக்போஸ்ட், ஒரு மேசை, இரண்டு ஆள். அதை விட்டுவிட்டுப் பெரிதாக யோசிக்காதே. ஒரு எபிசோடு 5,000 ரூபாய்க்குள் முடியும்படி எழுது. மண்டி வேலையையும் விடாதே. வசனம் அங்கிருந்துதான் வருகிறது.

கேரளத்தில் இருப்பதால் இன்னொரு கதவு உண்டு. பெண் இயக்குநர்களுக்கு மாநிலத் திரைப்பட வளர்ச்சிக் கழகம் ஒன்றரைக் கோடி ரூபாய் வரை கொடுத்துப் படம் எடுக்க வைக்கிற திட்டம். நிஷித்தோ, டிவோர்ஸ் எல்லாம் அப்படி வந்தவை. இன்றைக்கு இல்லை, ஐந்து வருஷம் கழித்து நினைத்துப் பார்.

---

ஒன்மோர் | செவ்வாய், இரவு 11:00

சரி, என் முதல் பதிலைக் கொஞ்சம் திருத்திக்கொள்கிறேன். எடைக் கணக்கு வசனத்தை இன்னொருவருக்கு மாற்றிக் கொடுக்கிற வேலையை நாங்களும் செய்கிறோம். "ஆர்டிஸ்ட் பெரிய ஆள், அவர் பேசினால் தியேட்டரில் எடுபடும்" என்போம். கரகாட்டக்காரன் வாழைப்பழக் காமெடியைச் சொல்லாத ஆள் இல்லை, அதை எழுதிய ஏ. வீரப்பன் பெயரைச் சொல்ல எத்தனை பேரால் முடியும்? அதே படத்தில் கோவை சரளாவும் இருக்கிறார். ஆறே வருஷத்தில், 1995இல் சதி லீலாவதி. கொங்குத் தமிழில் கமலுக்கு ஈடு கொடுத்துப் பேசினார். ஊர்வசியின் அக்கா கல்பனாவும் அதில்தான். பருமனான மனைவியை விட்டுப் போகிற கணவனைப் பற்றிய படம், ஆனால் நாற்காலி உடையவில்லை. கல்பனாவின் உடம்பைப் பார்த்துச் சிரிக்க வந்தவர்கள் அவர் பக்கம் நின்றுவிட்டுப் போனார்கள். எழுத்தில் இருக்கிற வித்தியாசம் அது.

ஒன்று மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். எந்தக் கம்பெனியோடு வேலை செய்தாலும், பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் இருந்தால், பாலியல் தொல்லைப் புகாரை விசாரிக்கிற உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும். சினிமா யூனிட்டுக்கும் அது பொருந்தும் என்று கேரள உயர் நீதிமன்றம் 2022 மார்ச்சில் சொன்னது. மலையாள சினிமாவில் பெண்கள் படும் பாடு பற்றிய ஹேமா குழு அறிக்கை 2024இல் வெளிவந்த பிறகு இந்தக் கேள்வியைக் கேட்டால் யாரும் முறைப்பதில்லை. குழுவில் யார் யார் என்று முதல் நாளே கேளுங்கள்.

---

வேலந்தாவளத்துக்காரி | மூன்று வாரம் கழித்து, ஞாயிறு

தாமதத்துக்கு மன்னிக்கவும். 39 எபிசோடையும் எழுதி முடித்தேன். மூன்று நோட்டு. எழுதும்போதுதான் தெரிந்தது, பதினொரு எபிசோடுக்கு முடிவே இல்லை, சும்மா சிரித்துக்கொண்டே கேமராவை அணைத்திருக்கிறோம்.

கம்பெனிக்கு மூன்று திருத்தம் அனுப்பினேன். நிரந்தரம் வேண்டாம், இரண்டு வருஷம். தமிழில் மட்டும், பத்து எபிசோடு. கதை வசனம் என் பெயரில், என் கையால். ஒரு வாரம் பதிலே இல்லை. அப்புறம் போன் பண்ணி, "நீங்கள் நடிகைதானே, எதற்கு இவ்வளவு?" என்றார்கள். நான் மண்டியில் கணக்கு எழுதுகிறேன் என்றேன். கடைசியில் தொகையை 35,000 ஆகக் குறைத்து ஒத்துக்கொண்டார்கள். கணக்கர் சார் ஒருமுறை படித்துப் பார்த்த பிறகு கையெழுத்துப் போட்டேன். வீட்டில் 25,000 போச்சே என்று அம்மா இன்னும் பேசிக்கொண்டிருக்கிறாள். மைக் வாங்கியாச்சு.

அடுத்த ஞாயிறு முதல் எபிசோடு. கேரள அதிகாரி வேஷத்துக்கு ஒரு ஆள் வேண்டும். மலையாளம் சரளமாகத் தெரிய வேண்டும், தமிழ் புரியாதது போல நடிக்கத் தெரிய வேண்டும். பேட்டா 700, மதியம் சாப்பாடு உண்டு.

---

மூணாறு மேட்டுக்காரன் | ஞாயிறு, இரவு 8:12

நான் வரலாமா? முப்பது வருஷமாக அந்த முகத்தைப் பார்த்துப் பழக்கம்.

---

வேலந்தாவளத்துக்காரி | ஞாயிறு, இரவு 8:20

வாங்க அண்ணா. ஆனால் அதிகாரிக்கு நாற்காலி நீங்களே கொண்டு வர வேண்டும். எங்கள் வீட்டில் இருப்பதெல்லாம் என் எடைக்கு வாங்கியது.